பாக்கெட் நோட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பேச்சின் நடுவே அதை எடுத்து ஒரு வரி கிறுக்கிவிட்டு மறுபடி உள்ளே வைப்பேன். பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆளுக்கு ஒரு தடவை சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது டைரிதானே? வேறு பெயர் எதற்கு?

டைரி என்பது நாள் முடிந்தபின் உட்கார்ந்து எழுதுவது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதினாரே, அது டைரி. நடந்தது நடந்தபடி பதிவானதால் பின்னால் வந்தவர்களுக்கு அது பொக்கிஷம் ஆயிற்று. என் பாக்கெட் நோட்டு யாருக்கும் பொக்கிஷம் ஆகப்போவதில்லை. அது நாள் முழுக்கக் கூடவே நடக்கும் ஒரு சாதனம், கைக்கடிகாரம் மாதிரி. இன்றைக்கு என்ன செய்ய நினைக்கிறேன் என்று முந்தின இரவே எழுதி, காலையில் திருத்துகிறேன். நடுவில் தோன்றுவதை, பார்ப்பதைக் குறிக்கிறேன். இரவில் இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்து, நினைத்ததற்கும் நடந்ததற்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறேன். அந்த மூன்றாவது வேலைதான் டைரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்.

"நினைத்து வாழ்வது" என்று பெரிதாகச் சொல்கிறார்கள். ஒரு குட்டி நோட்டால் அது எப்படி நடக்கும்?

நோட்டால் நடக்காது. நோட்டு நம்மைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை என்ன செய்தீர்கள் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். பலருக்கும் நினைவு வராது. மறதி எவ்வளவு வேகமானது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்று தன்மீதே சோதித்துப் பார்த்தவர் அவர். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. வாழ்க்கை ஒன்றும் அர்த்தமில்லாத அசை கிடையாதே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் சும்மா கழிந்த மாலைகள் கிட்டத்தட்ட அந்த அசைகள் மாதிரிதான், பிடித்து நிறுத்த உள்ளே ஒன்றும் இருக்காது.

மறதியில் நமக்கொரு வசதியும் உண்டு: கணக்குக் கேட்க ஆளில்லை. நான் தினமும் பிள்ளையோடு விளையாடுகிறேன் என்று உளமார நம்பிக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால் சத்தியம்கூடச் செய்திருப்பேன். ஒரு மாத நோட்டைப் புரட்டியபோது ஆறு நாள்தான் இருந்தது. வீட்டில் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் கையெழுத்துதான் சொன்னது, அதோடு வாதாட முடியவில்லை.

ஒரு நாளின் பக்கம் எப்படி இருக்கும்? ஒன்றைக் காட்ட முடியுமா?

காட்டலாம். சில மாதங்களுக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, எழுதியிருந்தபடியே:

செவ்வாய்
1. அறிக்கை, 2-ம் பகுதி. 11 மணிக்குள்.
2. அம்மாவின் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்க.
3. ராத்திரி 7-க்கு மேல் போனைத் தொடாதே.

10.20 அறிக்கையைத் திறந்ததும் போனை எடுத்தேன். ஏன்?
படிக்கட்டில்: 3-வது பத்தியை முதலில் போட்டால் என்ன?
செருப்பு வார் பிய்ந்துவிட்டது.
3.40 கோபம். பதில் எழுதினேன், அனுப்பவில்லை. நல்லது.

இரவு: 1 ஆச்சு, ஆனால் 2 மணிக்கு. 2 ஆச்சு. 3 — 7.15-க்கே தொட்டாச்சு. போன் மேசைமேல் கண்ணெதிரே கிடந்தது.
நாளை: சாப்பிட உட்காரும் முன் போன் அலமாரிக்குள்.

இவ்வளவுதான் பக்கம். அழகு ஒன்றும் இல்லை, கையெழுத்தைப் பார்த்தால் மருந்துச்சீட்டு மாதிரி இருக்கும். ஆனால் கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். "எனக்கு மன உறுதி போதவில்லை" என்று எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் மறுநாள் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது, மனம் நொந்ததுதான் மிச்சம். போன் எங்கே கிடந்தது என்று எழுதியதால், மறுநாள் அதை எங்கே வைப்பது என்று தெரிந்தது. "சாப்பிட உட்காரும் முன்" என்று நேரத்தையும் இடத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பதும் காரணத்தோடுதான். "இன்னது நடக்கும்போது இன்னது செய்வேன்" என்ற அச்சில் எடுக்கும் முடிவு, வெறும் "செய்வேன்" என்பதைவிட நன்றாக நிறைவேறுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது. நாலைந்து தடவை 7.15-க்குத் தோற்றபின் தானாக வந்த வழி அது.

ஒரு நாளைக்கு எத்தனை வேலை எழுதலாம்?

மூன்று. பன்னிரண்டு எழுதிய காலமும் உண்டு. அது வேலைப் பட்டியலாக இருக்கவில்லை, ஆசைப் பட்டியலாகத்தான் இருந்தது. மற்ற சில்லறை வேலைகளுக்கு நோட்டின் கடைசிப் பக்கம் இருக்கிறது. நேரம் கிடைத்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

செல்போனில் எழுதினால் ஆகாதா? எப்படியும் கையில் இருக்கிறதே.

தாராளமாக எழுதலாம். தேடுவதற்கும், நேரத்துக்கு மணி அடித்து நினைவூட்டுவதற்கும் போனை அடிக்க ஆளில்லை. பிறந்தநாள், மருத்துவரின் நேரம், ரயில் டிக்கெட் விவரம் இதெல்லாம் நானும் போனில்தான் வைத்திருக்கிறேன்.

கையால் எழுதினால் மனதில் நன்றாகப் பதியும் என்று சொல்வார்கள். 2014-ல் உளவியலாளர்கள் முல்லரும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுகிறது. லேப்டாப்பில் குறிப்பெடுத்த மாணவர்கள் சொன்னதைச் சொன்னபடி தட்டினார்கள், புரிந்துகொண்டு பதில் சொல்லவேண்டிய கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது அது. பின்னால் மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. அதனால் நான் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில்லை.

என் காரணம் வேறு, ரொம்பச் சாதாரணமானது. ஒரு வரி எழுதலாம் என்று போனை எடுத்தால், எழுதவந்த வரிக்கு முன்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். யாரோ ஏதோ அனுப்பியிருக்கிறார், எங்கோ ஏதோ நடந்திருக்கிறது. பத்து நிமிடம் கழித்துப் போனைப் பையில் வைக்கும்போது, அந்த வரியை எழுதவே இல்லை என்பது உறைக்கும். நோட்டைத் திறந்தால் நோட்டுதான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: எதிரில் இருப்பவர் பேசும்போது நோட்டில் எழுதினால், நாம் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார் என்று நினைப்பார். போனில் தட்டினால் அப்படி நினைக்கமாட்டார்.

எழுதினால் மனப்பாரம் குறையும் என்பது உண்மையா, அல்லது சும்மா பேச்சா?

ஓரளவு உண்மை. அரைகுறையாக நிற்கும் வேலை மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்தது. புளூமா சைகார்னிக் 1927-ல் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார். முடித்த வேலைகளைவிட, பாதியில் தடுத்து நிறுத்தப்பட்ட வேலைகள்தான் அதிகம் நினைவில் நின்றன என்றார். பின்னால் வந்த சோதனைகள் எல்லாவற்றிலும் அதே முடிவு வரவில்லை. ஆனால் 2011-ல் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் செய்தது எனக்கு இன்னும் சுவையாகப் பட்டது. முடியாத வேலை வேறு வேலையின் கவனத்தைக் கெடுக்கிறது. அதை முடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, எப்போது எப்படிச் செய்வேன் என்று ஒரு திட்டம் போட்டுவிட்டாலே அந்தத் தொந்தரவு அடங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று. 2018-ல் மைக்கேல் ஸ்கல்லினும் அவர் குழுவினரும் 57 பேரை ஆய்வகத்தில் ஓர் இரவு தூங்கவைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் இனிச் செய்யவேண்டியதை எழுதினார்கள், மீதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். நேர்மாறாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருப்பேன். எல்லோரும் இளைஞர்கள், அதுவும் ஒரே ஓர் இரவு, ஆகவே இதைத் தூக்க மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் நாளைய மூன்று வரியை நான் இரவிலேயே எழுதிவிடுவதற்கு இது ஒரு காரணம். காலையில் அதைத் திருத்துவேன், சில நாள் அடித்துவிட்டு வேறு எழுதுவேன்.

எந்த நோட்டு, எந்தப் பேனா வாங்குவது?

ஏ6 அளவு, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர், பெரும்பாலான பைகளில் அடங்கும். சட்டைப்பை சின்னது என்றால் அதில் பாதியான ஏ7. நூல் போட்டுத் தைத்த நோட்டு உழைக்கும். ஸ்பைரல் கம்பி துணியில் மாட்டி இழுக்கும், உட்கார்ந்தால் நசுங்கும். விலை உயர்ந்த தோல் அட்டை நோட்டு வாங்கினால் ஒரு சிக்கல் வரும்: அதில் கண்டதை எழுத மனசு வராது. எனக்குப் பரிசாக வந்த அப்படியொரு நோட்டு முதல் பக்கத்தில் என் பெயரோடு, மற்ற பக்கங்கள் வெள்ளையாக, இன்னும் இருக்கிறது.

இது நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும் என்றால் ஒன்றும் வாங்கவே வேண்டாம். ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாகவும், அகலவாக்கில் நான்காகவும் மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் வரும். நீளவாக்கில் போகும் நடு மடிப்பில், நடுவிலுள்ள இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் கத்தரியுங்கள். மறுபடி நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால், கத்தரித்த இடம் வாயைத் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம், ஏ7 அளவில். ஒரு வாரத்துக்குக் காணும்.

பேனா விஷயத்தில் பட்ட பாடம் உண்டு. ஒருமுறை நோட்டோடு சட்டை துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்விட்டது. ஜெல் பேனாவில் எழுதிய பக்கங்கள் நீலக் கறையாக வெளியே வந்தன. நடுவில் மூன்று நாள் பென்சிலில் எழுதியிருந்தேன், அது மட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்தது. பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசை உள்ளது, வியர்வைக்கும் மழைக்கும் தாங்கும். அன்றிலிருந்து அதுதான்.

ஆரம்பிக்கிறேன், இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறேன். என்ன செய்ய?

விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், விட்ட நாட்களை நிரப்பாதீர்கள். இதைத்தான் நிறையப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். நான்கு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் உட்கார்ந்து நான்கு நாளையும் ஞாபகப்படுத்தி எழுதப் பார்ப்பார்கள். அது கடன் அடைப்பது மாதிரி ஆகிவிடும். கடன்காரனைப் பார்த்தால் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. புதுப் பழக்கம் ஒன்று கைக்கு இயல்பாக வர நடுவாக 66 நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் அது, 12 வாரத்துக்கு அப்பால் கணித்துச் சொன்னதையும் சேர்த்து, 18 நாளிலிருந்து 254 நாள்வரை போனது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்களே, அதை நம்பி 22-ம் நாள் மனம் தளர்ந்தவர்கள் எத்தனை பேரோ. அதே ஆய்வில் இன்னொரு செய்தி: ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

அப்புறம், நோட்டுக்கு ஒரு பிடிமானம் கொடுங்கள். நான் பல் தேய்த்துவிட்டு வந்ததும் எழுதுகிறேன். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்திருந்த காலத்தில் அந்த நேரம் கிடைக்கவே இல்லை.

ஒரே வேலையை நாள் கணக்கில் தள்ளித் தள்ளி எழுதிக்கொண்டே இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டாம், நோட்டு வைத்திருப்பதன் முழுப் பலனும் அங்கேதான் இருக்கிறது. மனதிலேயே வைத்திருந்தால் ஒரு வேலை எத்தனை நாளாகத் தள்ளிப்போகிறது என்றே தெரியாது. "இந்த வாரம் பண்ணிடணும்" என்ற நினைப்பு ஒவ்வொரு வாரமும் புதிதாகவே இருக்கும். நோட்டில் தள்ளுவதென்றால் கையால் திரும்ப எழுத வேண்டும். மூன்றாம் தடவை எழுதும்போது கைக்கே அலுப்புத் தட்டும். அந்த அலுப்பு நல்லது, தயவுசெய்து அதைப் போக்க வழி தேடாதீர்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: மூன்றாம் தடவை தள்ளும் வேலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். வட்டம் போட்டால் அன்றிரவு அதைப் பற்றி ஒரு வரி எழுதியாக வேண்டும். ஏன் நகரவில்லை? பெரும்பாலும் விடை சாதாரணமாக இருக்கும். வேலை ரொம்பப் பெரிது, எழுதும்போது சின்னதாகத் தெரிந்தது. "அலமாரியை ஒழுங்குபடுத்து" என்பது நகராது, "மேல்தட்டை மட்டும்" என்றால் நகரும். சில வேலைகள் உண்மையில் நாம் செய்ய விரும்பாதவை, யாரோ செய்தால் நல்லது என்று சொன்னதால் பட்டியலில் ஏறியவை. அவற்றை அடித்துவிடலாம், ஊர் ஒன்றும் இடிந்துவிழாது.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. என் நோட்டில் "அண்ணனுக்குப் போன் பண்ணு" என்ற வரி பதினொரு நாள் தொடர்ந்து இருந்தது. ஐந்து நிமிட வேலை. அந்தப் பதினொரு நாளில் வேறு பலருக்குப் போன் செய்திருக்கிறேன், செருப்பு வாரைக்கூடத் தைத்துக்கொண்டேன். பதினொன்றாம் நாள் இரவு வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதவந்தபோதுதான், அந்த வரியே பொய் என்பது தெரிந்தது. செய்யவேண்டியது போன் அல்ல. வீட்டு விசேஷத்தின்போது எல்லோர் முன்னாலும் நான் அவரிடம் பேசிய விதம் தப்பு, அதைச் சொல்ல வேண்டும். அடித்துவிட்டு, "அண்ணனிடம்: அன்றைக்கு நான் பேசியது தப்பு" என்று எழுதினேன். உடனே எடுத்துப் பேசிவிடவில்லை, இன்னும் இரண்டு நாள் ஆனது. ஆனால் அந்த இரண்டு நாளும் நான் எதைத் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பேசியபோது அவர், "அதையா இன்னும் நினைச்சுக்கிட்டு இருக்கே?" என்றார். அவர் மறக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

குணத்தை மாற்றிக்கொள்ள நோட்டைப் பயன்படுத்தலாமா?

பெஞ்சமின் பிராங்க்ளின் செய்து பார்த்திருக்கிறார், தன் சுயசரிதையில் விவரமாகவும் சொல்கிறார். பதின்மூன்று நற்குணங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு சின்ன நோட்டில் குணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு நாளுக்கு மேலிருந்து கீழாக ஏழு பத்தி, பதின்மூன்று குணத்துக்கும் குறுக்காக ஒவ்வொரு வரி. தவறிய இடத்தில் கரும்புள்ளி. ஒரு வாரம் ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம், மற்றவை வழக்கம்போல. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வரும் பகுதி. பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்து மறுசுற்றுக்கு இடம் பண்ணியதில் நோட்டு ஓட்டை ஓட்டையாகிப் போனது. அதனால் தந்தத் தகடுகள் கொண்ட குறிப்பேட்டுக்கு மாறி, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். அப்படியும் "ஒழுங்கு" என்ற குணம் கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை. பொருளை அதனதன் இடத்தில் வைக்க வரவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

நானும் இதை ஒரு சுற்று செய்தேன். வெறும் கரும்புள்ளியாக வைத்துக்கொண்டு போனால் நமக்குள்ளேயே ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. இப்போது புள்ளிக்குப் பக்கத்தில் மணியையும் இடத்தையும் எழுதுகிறேன். கோபப்பட்ட புள்ளிகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் மதியச் சாப்பாடு தள்ளிப்போன நாட்களில் இருந்தன. பதின்மூன்று குணமும் வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிட்டாலே போதும் என்று ஆனது.

நல்லதை மட்டும் எழுதலாமா? தப்பை எழுதினால் சோர்வு வருகிறது.

எழுதலாம், ஆனால் நோட்டு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். சார்லஸ் டார்வின் பல வருடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ கண்ணில் பட்டால், தள்ளிப்போடாமல் உடனே குறித்துக்கொள்வார். சாதகமான விஷயங்களைவிட இந்த மாதிரி விஷயங்கள்தான் மனதிலிருந்து சுலபமாக நழுவுகின்றன என்று அனுபவத்தில் கண்டிருந்தார். உயிரினங்களைப் பற்றி யோசித்தவருக்கே அப்படி என்றால், தன்னைப் பற்றித் தானே யோசிக்கும் நமக்கு எவ்வளவு நழுவும்!

சோர்வு வருவது, தப்பை எழுதியதோடு நிறுத்திக்கொள்வதால். கூடவே "நாளை" என்று ஒரு வரி போடுங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

மனதில் பெரிய துக்கம் இருக்கிறது. அதையும் இதில் எழுதலாமா?

அதற்குப் பக்கம் போதாது. ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவத்தை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதினார்கள். எழுதியவுடன் மனம் பாரமாகத்தான் இருந்தது, பின்வந்த மாதங்களில் சிலவகையில் உடல்நலம் மேம்பட்டது. அப்படி எழுதப் பெரிய தாளும் தனிமையும் வேண்டும். எழுத எழுதப் பாரம் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசுவதே சரி.

வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிட்டால்?

படிக்கக்கூடாததை எழுதும்போது பெயருக்குப் பதில் ஓர் எழுத்துப் போடுங்கள். சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை தன் டைரியைச் சுருக்கெழுத்தில் எழுதி வைத்தார். நூற்றைம்பது வருடம் கழித்து அதையும் படித்து அச்சடித்துவிட்டார்கள். என் அனுபவத்தில் வீட்டில் இருப்பவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்கள், "செருப்பு வார்", "மாத்திரை" என்று இருப்பதைக் கண்டு ஏமாந்து திருப்பி வைத்துவிடுவார்கள்.

இரவில் இரண்டு நிமிடம் பார்ப்பதோடு போதுமா?

வாரத்தில் ஒருநாள் இருபது நிமிடம் வேண்டும். ஏழு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், தனித்தனி நாளில் தெரியாதது தெரியும். நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, மறுபடி மறுபடி வரும் சொல். ஒரு வாரம் "அவசரம்" என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது, அந்த ஒன்பதில் உண்மையிலேயே அவசரமானது ஒன்றுதான். இன்னொன்று, வராமலே போன பெயர். முக்கியமானவர் என்று நான் சொல்லிக்கொள்ளும் ஒருவரின் பெயர் ஏழு பக்கத்திலும் இல்லையென்றால், அடுத்த வார முதல் நாளின் மூன்று வரியில் ஒன்று அவருக்கு.

பார்க்காமல் எழுதிக்கொண்டே மட்டும் போனால், எத்தனை நோட்டு நிரம்பினாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

எதையெல்லாம் எழுதக்கூடாது?

வங்கிக் கடவுச்சொல், ரகசிய எண். நோட்டு தொலையும். முதல் பக்கத்தில் தொடர்பு எண் மட்டும் இருக்கட்டும். என் நோட்டு இரண்டு தடவை தொலைந்து, ஒரு தடவை திரும்பி வந்தது.

நிரம்பிய நோட்டுகளை வைத்திருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் நோட்டு முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுகிறார், அவர் வாழ்க்கை என்னுடையதைவிட ஒழுங்காகத்தான் இருக்கிறது. நான் அட்டையில் ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் எழுதி ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுவைக்கிறேன்.

எது செய்தாலும், பழைய நோட்டிலிருந்து புதியதற்கு மாறும்போது ஒரு வேலை இருக்கிறது. முடியாமல் நிற்கும் வரிகளை எல்லாம் பார்த்து, இன்னும் வேண்டும் என்பவற்றை மட்டும் கையால் புது நோட்டில் எழுத வேண்டும். போன மாதம் மாறியபோது பழையதில் இருபத்து மூன்று வரி நின்றது. நான்கைத்தான் புதியதற்குக் கொண்டுவந்தேன். அதில் ஒன்று, "அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்க." அதற்குப் பக்கத்தில் இன்னும் வட்டம் விழவில்லை.